மில்லுக்கு நான் ஆளா, கான்ட்ராக்டரா?

மைசூர் விஜயநகரில் என் வீட்டு மாடியில் ஒரு கம்ப்யூட்டர்காரர் குடியிருக்கிறார். இந்த வாரம் வாடகை கொடுக்க வந்தவர் போகாமல் நின்றார். இனிமேல் சம்பளத்துக்கு இருக்கிறீர்களா, தனியாக பில் போட்டு வாங்கிக்கொள்கிறீர்களா என்று அவருடைய கம்பெனியில் கேட்டிருக்கிறார்களாம். சம்பளம் என்றால் வரிப் பிடித்தம் ஒரு மாதிரி, பில் என்றால் வேறு மாதிரி. "அங்கிள், நீங்க லைஃப் பூரா சொந்தத் தொழில் பண்ணினவரு. எது நல்லது, சொல்லுங்க" என்றார். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனிடம் ஒரு எஞ்சினியர் வந்து கேட்கிறார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. "இதெல்லாம் நான் அந்தக் காலத்திலேயே பார்த்தாச்சு. ஞாயிற்றுக்கிழமை வாங்க, விவரமாச் சொல்றேன்" என்று அனுப்பிவிட்டேன்.

ஞாயிறு வருவதற்குள் யோசித்துப் பார்த்தேன். யோசிக்க யோசிக்க எனக்கே ஒன்றும் பிடிபடவில்லை. மைசூரில் பெரிய மோட்டாரைப் பிரித்துப் பூட்டியவன் நான். ஆனால் நான் வேலை பார்த்த மில்லுக்கு நான் யாராக இருந்தேன் என்று இன்றைக்கு யாராவது சட்டப்படி கேட்டால் பதில் தெரியாது. எங்கள் தமிழ்ச் சங்கத்து ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று வருஷா வருஷம் கேட்கிறார்கள். எழுதினாலாவது தெளிகிறதா பார்க்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

எனக்கு ஊர் ஹனூர் பக்கம். மானாவாரி நிலம், மழையை நம்பிய பிழைப்பு. கொள்ளேகால் வந்து பஸ் மாறி மைசூர் வந்தபோது எனக்கு மீசை முளைக்கவில்லை. ஒரு ரீவைண்டிங் கடையில் சேர்ந்தேன். முதலில் தரை கூட்டினேன், அப்புறம் வார்னிஷ் அடித்தேன், அப்புறம் கம்பியைக் காயிலாகச் சுற்றினேன், அப்புறம் மேட்டகள்ளியில் சொந்தக் கடை போட்டேன். கற்றுக்கொண்ட கதை அவ்வளவுதான். என்னைப் போல் மோட்டார் சுற்றுகிறவன் இந்த ஊரில் இல்லை என்று நான் சொல்லவில்லை, ஊர் சொன்னது.

தொழில் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மோட்டாரின் வயிற்றுக்குள் செம்புக் கம்பி சுற்றியிருக்கும். அது கருகினால் மோட்டார் செத்த மாதிரி. கருகினதை எடுத்துவிட்டுப் புதுக் கம்பி சுற்றி உயிர் கொடுப்பதுதான் எங்கள் வேலை. இதில் ஒரு வழக்கம் உண்டு. எடுத்துப் போட்ட கருகின செம்பு சுற்றினவனுக்கு. அதற்கென்று ஒரு மதிப்புப் போட்டு, கூலியில் கழித்துக்கொண்டுதான் விலையே பேசுவோம். பேச்சிலேயே அது முடிந்துவிடும், எழுதுவது கிடையாது. என் முதலாளி அப்படித்தான் செய்தார், அவருடைய முதலாளியும் அப்படித்தான்.

என் கடைக்கு முக்கால்வாசி வேலை ஒரு நூல் மில்லிலிருந்து வந்தது. பெயர் வேண்டாம். கோடையில் விவசாயிகளின் போர்வெல் மோட்டார் வரும். மற்ற நாளில் மில்தான் எங்களுக்குச் சோறு போட்டது. எங்களுக்கு என்றால் எனக்கும் மாதப்பனுக்கும். மாதப்பன் என் மனைவி பொன்னம்மாவின் தம்பி. ஊரில் தன் பங்கு நிலத்தை அண்ணனுக்கே எழுதிக் கொடுத்துவிட்டு, பெண்டாட்டி பிள்ளைகளோடு என்னை நம்பி வந்தவன். கை சுத்தம், வாய் கிடையாது. எனக்கு வாய் நிறைய இருந்ததால் கடையில் சமமாகிவிடும்.

மில்லில் மெயின்டனன்ஸ் மேனேஜர் சம்பத் சார். மேல்கோட்டை ஐயங்கார் வம்சம், வீட்டில் அவர்களுக்கென்று ஒரு பழைய தமிழ் பேசுவார்கள். அந்த மனிதர் மோட்டாரைத் தொடுகிற விதம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. உள்ளங்கையை வைக்க மாட்டார். விரல்களின் புறத்தை, குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பது போல, மேலே லேசாக ஒற்றுவார். பிறகு ஸ்க்ரூடிரைவரின் முனையை பேரிங்மேல் ஊன்றி, மரப்பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். ஷெட்டே இரைந்துகொண்டிருக்கும், அவர் மட்டும் பூஜை அறையில் நிற்பது போல் நிற்பார். நம்மிடம் பேசும்போது கேள்வியே கேட்க மாட்டார். "அப்புறம்?" என்பார். நாம் சொல்வோம். மறுபடியும் "அப்புறம்?" என்பார். நாம் மறைத்து வைத்த ஒன்று வெளியே வருகிற வரைக்கும் விடமாட்டார். வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். திட்டு அவ்வளவுதான், ஆனால் அன்றைக்கு முழுக்க நமக்குச் சோறு இறங்காது.

அவர் காலத்தில் எனக்குப் பணம் வவுச்சரில் வந்தது. ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி, கையெழுத்துப் போட்டு, வாங்கிக்கொண்டு போகவேண்டியதுதான். நான் யார், எந்த வகை என்று ஒருவரும் கேட்டதில்லை. கேட்டில் காவலுக்கு இருந்த சிக்கண்ணா என்னைப் பார்த்தால் சல்யூட் வைப்பான். கேன்டீனில் எனக்கென்று ஒரு டம்ளர் தனியாக இருந்தது. ஆயுத பூஜைக்குச் சாம்பல் பூசணி உடைக்க என்னைத்தான் கூப்பிடுவார்கள். மில் ஆட்களுக்குக் கொடுக்கிற பாத்திரமும் ஸ்வீட் பாக்ஸும் எனக்கும் உண்டு. நானும் மில் என்னுடையது மாதிரி நடந்துகொண்டேன்.

தொண்ணூறுகளின் நடுவில், வரிச் சட்டத்தில் என்னென்னவோ புதிதாக வந்துகொண்டிருந்த சமயம், கணக்குப் பிரிவுக்கு நஞ்சுண்டய்யா என்று ஒருவர் வந்தார். நல்ல மனுஷர், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் எதையும் ஒரு பெட்டிக்குள் போடாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. ஆடிட்டர் அவரிடம் கேட்டிருக்கிறார்: மோட்டார் மோட்டாராகச் செம்போடு வெளியே போகிறது, வேறு செம்போடு திரும்பி வருகிறது, மில்லின் பழைய செம்பு எங்கே போயிற்று?

என்னைக் கூப்பிட்டார். கன்னடமும் தமிழும் கலந்து பேசுவார்.

"நோடு, இங்கே பாரு ராசப்பா, நான் உன்னைக் கள்ளன்னு சொல்லலை. அந்தக் கருகின காப்பர் யாருது, அதை மட்டும் சொல்லு."

"சுற்றினவனுக்கு சார்."

"யார் சொன்னது?"

"எல்லாரும்தான்."

"எல்லாரும்னா எந்த ரூல்ல இருக்காங்க?"

நான் சிரித்தேன், அவர் சிரிக்கவில்லை. மார்ச் முடிவதற்குள் நான் மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றார். ஒன்று, லேபர் கான்ட்ராக்ட். கம்பி, பேப்பர், வார்னிஷ் எல்லாம் மில் கொடுக்கும், கருகின செம்பும் மில்லுக்கே, எனக்குக் கூலி மட்டும். இரண்டு, பொருளோடு சேர்த்துக் கான்ட்ராக்ட். கம்பி நான் வாங்குவேன், பழைய செம்பை மில்லிடம் நான் விலைக்கு வாங்கியதாக ஆகும். அப்போது நான் வியாபாரி, சேல்ஸ் டாக்ஸ் ஆபீஸில் பதிந்துகொள்ள வேண்டும். மூன்று, மில் வேலைக்கே வந்துவிடுவது. மாதச் சம்பளம், பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. எல்லாம் உண்டு. ஆனால் இடம் ஒன்றுதான்.

முதலாவதிலேயும் ஒரு கிளை இருந்தது. என் வேலை வெறும் கைவேலை என்றால் நூற்றுக்கு இரண்டு ரூபாய் வரி பிடிப்பார்கள். தொழில்நுட்ப அறிவு என்றால் நூற்றுக்கு ஐந்து. சட்டத்தில் இரண்டுக்கும் ஒரே நம்பர், கடைசி எழுத்து மட்டும் வேறு என்றார்.

"என்னுது மூளை வேலை சார். கைவேலை எவனும் செய்வான்."

"அப்போ ஐந்து."

வீட்டில் வந்து சொன்னேன். பொன்னம்மா கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, மூளை இல்லைன்னே சொல்லிப்போடுங்க. மூணு ரூபா மிச்சமாகுதல்ல?"

அதற்கப்புறம் நான் பட்ட அலைச்சல் கொஞ்சமில்லை. அக்ரஹாரத்தில் வரி விவகாரம் பார்க்கிற ஒருவரிடம் போனேன். பிடித்ததெல்லாம் திரும்பி வரும், கவலைப்படாதே என்றார். திரும்பி வருவதென்றால் எதற்குப் பிடிக்கிறார்கள் என்று கேட்டேன். நீ யார் என்று தெரிந்துகொள்ள என்றார். என்னைத் தெரியாதவர்கள் மைசூரில் யார் என்று எனக்குக் கோபம் வந்துவிட்டது. கம்பிக் கடைச் சேட்டு, பொருளோடு எடு, வியாபாரிதான் பிழைப்பான் என்றார். அவர் கம்பி விற்கிறவர், வேறென்ன சொல்வார். ரிட்டையரான டர்னர் ஒருவர் ஈ.எஸ்.ஐ. அட்டையை எடுத்துக் காட்டி, இது இருந்தால் ஆஸ்பத்திரிக்கு ராஜா மாதிரி போகலாம் என்றார். ஒவ்வொருவர் பேசும்போதும் அவர் சொல்வதுதான் சரி என்று தோன்றும். தெரு முனை திரும்புவதற்குள் அது தப்பு என்று தோன்றும்.

ஒரு விஷயம் மட்டும் தெளிவாக இருந்தது. நான் மில்லுக்குள் போனால் கடையை மூட வேண்டும். கடையை மூடினால் மாதப்பனுக்கு ஊரில் திரும்பிப் போக நிலமும் கிடையாது. அவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒருநாள் சாப்பிடும்போது மட்டும் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"மச்சான், உள்ளே போறதுன்னா போயிருங்க. என்னைய நெனச்சுட்டு நிக்காதீங்க. நான் கொத்து வேலைக்காவது போயிக்குவேன்."

"அட சும்மா இரு மாப்ளே" என்றேன்.

இப்படி இழுத்துக்கொண்டிருந்தபோது மார்ச் வெயிலில் மில்லின் பெரிய ஃபேன் மோட்டார் கருகியது. நூல் ஓடுகிற ஷெட்டில் காற்று ஈரமாக இருக்க வேண்டும். அந்த ஈரக் காற்றைத் தள்ளுகிற மோட்டார் அது, எழுபத்தைந்து குதிரைச் சக்தி. அது நின்றால் காற்று காயும், காற்று காய்ந்தால் நூல் பொட்டுப் பொட்டென்று அறும். பாதி ஷெட்டை நிறுத்திவிட்டார்கள். ஆனால் எந்த வகையில் அனுப்புகிறோம் என்று எழுதாமல் மோட்டாரை கேட்டுக்கு வெளியே விட நஞ்சுண்டய்யா மறுத்துவிட்டார். சம்பத் சார் கண்ணாடியைத் துடைத்தார்.

"ராசப்பா, உள்ளேயே பண்ணிடு. கம்பி ஸ்டோர்ல இருக்கு. நீ யாருன்னு அவா அப்புறம் முடிவு பண்ணிக்கட்டும். மோட்டாருக்கு அதெல்லாம் தெரியாது."

நானும் மாதப்பனும் எங்கள் ஆயுதப் பையோடு உள்ளே போனோம். பெரிய மோட்டாரைப் பிரிக்கும்போது அவசரப்பட்டால் கெட்டது. முதலில் ஒன்றையும் வெட்டக் கூடாது. கம்பி இறங்கும் பள்ளம் எத்தனை, ஒரு காயில் எந்தப் பள்ளத்தில் புறப்பட்டு எந்தப் பள்ளத்தில் இறங்குகிறது, ஒரு காயிலில் எத்தனை சுற்று, எத்தனை கம்பி சேர்த்துப் போகிறது, முனைகளை எப்படி இணைத்திருக்கிறார்கள், எல்லாவற்றையும் கண்ணால் பார்த்து, விரலால் தடவி, வாயால் சொல்ல வேண்டும். நான் சொல்வேன், மாதப்பன் திரும்பச் சொல்வான். அதற்கப்புறம்தான் உளி. ஒரு பக்கத்தில் வெளியே நீட்டியிருக்கும் கம்பிக் கொண்டையை மட்டும் வெட்டி எடுத்து, மிதமாகச் சூடு காட்டி, வார்னிஷ் இளகினதும் மறுபக்கத்திலிருந்து இழுத்து எடுப்பேன். மற்றவர்கள் நெருப்பில் போட்டுக் கொளுத்துவார்கள். அப்படிச் செய்தால் உள்ளே இருக்கும் இரும்புத் தகடு கெட்டுப்போய், அப்புறம் எப்படிச் சுற்றினாலும் மோட்டார் சூடாகும். நான் ஒரு மோட்டாரைக்கூடக் கொளுத்தினதில்லை.

பள்ளங்களைத் துடைத்து, தடித்த பேப்பரை மடித்து உள்ளே செருகி, மர அச்சில் புதுக் காயில் சுற்றி, ஒவ்வொன்றாக இறக்கினோம். கம்பியின் எனாமல் கீறல் படாமல் விரலால் வழித்து வழித்து இறக்க வேண்டும். மேலே மூங்கில் ஆப்பு. மாதப்பன் ஆப்பு அடிப்பதைப் பார்த்தால் தட்டுவதே தெரியாது.

அப்போதுதான் நஞ்சுண்டய்யா வந்தார். ஆடிட்டருக்கு என்ன எழுதுவது என்று அவருக்கும் குழப்பம். ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டு கேட்க ஆரம்பித்தார். சம்பத் சார் தூரத்தில் பேனல் பக்கம் நின்றிருந்தார்.

"இந்த டூல்ஸ் எல்லாம் யாருது?"

"என்னுது சார். இந்தக் காயில் மெஷின் நானே செய்ததாக்கும்."

"நல்லது. மில் சைரனுக்கு வர்றியா, உன் இஷ்டத்துக்கு வர்றியா?"

"சைரனுக்கு முன்னாடியே வந்துருவேன் சார். நான் வந்த அப்புறம்தான் சைரனே அடிப்பான்."

சம்பத் சார் தொண்டையைக் கனைத்தார். தூசி என்று நினைத்தேன்.

"உனக்கு உடம்பு சரியில்லைன்னா? வேற ஆளை அனுப்புவியா?"

"வேற ஆளா? இந்த மில்லுல என்னைத் தவிர எவன் சார் மோட்டார்ல கை வைப்பான்? காய்ச்சல்லகூட நான்தான் வருவேன். கனெக்‌ஷன் குடுக்கிறதும் ஸ்டார்ட் பண்றதும் வேற ஒருத்தன் கையில விட்டதே கிடையாது."

மறுபடியும் கனைப்பு. இந்த முறை பலமாக. நான் சம்பத் சாருக்குத் தண்ணீர் கொடுக்கும்படி ஆளை அனுப்பினேன்.

நஞ்சுண்டய்யா எழுந்தார். முகத்தில் வருத்தம் இருந்தது. "ராசப்பா, நம்ம டைமுக்கு வர்றே, நீயே வர்றே, உன் பதிலுக்கு யாரும் வர முடியாது. கேன்டீன்ல சாப்பிடறே, பூஜைக்குப் பாத்திரம் வாங்கறே. நீ கான்ட்ராக்டர்னு நான் எழுதினா ஆடிட்டர் என்னைக் கேப்பார். நீ நம்ம ஆள்தான். அந்த ஒரு போஸ்ட்டுக்கு உன் பேரையே எழுதிடறேன். இல்லைன்னா கோயமுத்தூர்ல ஏதாவது கம்பெனிக்குத்தான் வேலையைக் கொடுக்கணும்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. வேலையில் என்னைவிட ஆள் இல்லை என்று நிரூபித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன், அதைச் சொன்னதே என் கடைக்கு எமனாகிவிட்டது. மாதப்பன் ஆப்பு அடிப்பதை நிறுத்தவில்லை. ஆனால் இப்போது தட்டுகிற சத்தம் கேட்டது.

அன்று சாயங்காலம் வார்னிஷ் ஊற்றிச் சூடு காட்ட வைத்துவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தபோது சம்பத் சார் வந்தார். மோட்டாரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"போன வாரம் எங்க ஆத்துல கல்யாணம் ராசப்பா. சமையல் கான்ட்ராக்டருக்குத் திடீர்னு வர முடியலை. அவர் ஆளை அனுப்பினார். அவன் பண்ணின சாத்தமுது நன்னாவே இருந்தது."

"சந்தோஷம் சார்."

"எங்க ஆத்துல தினம் சமைக்கறவர் ஒருத்தர் இருக்கார். அவர் வரலைன்னா அன்னிக்கு அடுப்பே எரியாது. ரெண்டு பேரும் சமையல்காராதான். அப்புறம்?"

"அப்புறம், ஓட்டல்ல வாங்கிக்கலாம் சார்" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே போய்விட்டார்.

வீட்டில் இதைச் சொல்லி, பெரிய மனுஷர்களுக்கு வயதானால் பேச்சு தடம் மாறிவிடுகிறது என்றேன். பொன்னம்மா கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

"உங்களுக்கு நெசமாவே வெளங்கலீங்களா? நாளைக்கு நீங்க போகாதீங்க. தம்பி மட்டும் போகட்டும்."

"கனெக்‌ஷன் இருக்குதே!"

"அதையுந்தான். ஆளை அனுப்புறவன்தானுங்க கான்ட்ராக்டரு. தானே போறவன் வேலைக்காரன். அந்த சாமி வேறென்னத்தைச் சொன்னாரு?"

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்த மாதப்பன் அப்படியே நின்றுவிட்டான். "அக்கா, சும்மா இரு. கனெக்‌ஷன் நானா? எழுவத்தஞ்சு எச்.பி. ஒரு முனை மாறிப்போச்சுன்னா திரும்பவும் கருகிப்போயிரும். மச்சான், விளையாடாதீங்க."

"பத்து வருஷமா பக்கத்துல நின்னு பாத்தியே, என்னத்தைப் பாத்தே?" என்றாள் பொன்னம்மா. பிறகு என் பக்கம் திரும்பினாள். "இல்லை, நீங்க ஒழுங்காச் சொல்லிக் குடுக்கலையா?"

அதற்கு நான் எப்படி ஆமாம் என்று சொல்ல முடியும்? என்னிடம் வேலை கற்றவன் தப்புப் பண்ண மாட்டான் என்று சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டு எனக்கே பயம். மோட்டார் கருகினால் போஸ்ட்டும் இல்லை, கான்ட்ராக்ட்டும் இல்லை, கடையும் இல்லை, மாதப்பனும் இல்லை. எல்லா முனைகளையும் அவனை வாயால் சொல்ல வைத்தேன். சரியாகத்தான் சொன்னான். நான்தான் ஒரு இடத்தில் தடுமாறினேன்.

மறுநாள் அவன் என் பையை எடுத்துக்கொண்டு கேட்டுக்குள் போனான். நான் எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தேன். வீட்டில் இருந்திருக்கலாம், முடியவில்லை. அந்த ஃபேன் காற்றை வெளிப்பக்கச் சுவர் வழியாக இழுக்கும், ஓடினால் ரோட்டிலிருந்தே கேட்கும். டீக்கடைக்காரர், "ஏனு அண்ணா, இவத்து ரஜாவா?" என்று கேட்டார். லீவா என்று கேட்கிறார். நான் லீவு போடுகிறவனா, லீவு கொடுக்கிறவனா என்பதைத்தானே முடிவு செய்ய உட்கார்ந்திருக்கிறேன். டீயை மட்டும் வாங்கிக்கொண்டேன்.

வெகு நேரம் கழித்து ஒரு முனகல் கேட்டது. ஸ்டார்ட்டர் விழுந்து மோட்டாருக்குக் கரண்ட் போன சத்தம். மோட்டார் புறப்பட்டது, வேகம் பிடித்தது, ஸ்டார்ட்டர் அடுத்த கட்டத்துக்கு மாறும்போது ஒரு நொடி சத்தம் அறுபடும், அந்த வெட்டும் சரியாக வந்தது. ஆனால் காற்றின் சத்தம் சரியில்லை. காற்றைக் கலக்கி அடிக்கிற மாதிரி ஒரு சத்தம். ஃபேன் எதிர்த் திசையில் சுற்றுகிறது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். இது பெரிய தப்பில்லை, யாருக்கும் வரும். மூன்று வயரில் இரண்டை இடம் மாற்றிப் போட்டால் போதும். ஆனால் மாதப்பன் பதறி வேறு எதையாவது கழற்றிவிட்டால்?

மோட்டார் நின்றது. கேட்டைப் பார்த்துக்கொண்டே நின்றேன். சிக்கண்ணாவோ, ஒரு ஃபிட்டரோ, ராசப்பா ராசப்பா என்று ஓடி வருவார்கள் என்று பார்த்தேன். வரக் கூடாது என்று எங்கள் ஊர் மாதேஸ்வரனை வேண்டிக்கொண்டேன். வரமாட்டார்களா என்றும் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் எப்படி இருந்தது என்று எனக்கு இப்போதும் விளங்கவில்லை.

ஒருவரும் வரவில்லை. மறுபடியும் ஸ்டார்ட்டர் விழுந்தது. முனகல், வேகம், வெட்டு, அதற்கப்புறம் இழுத்துப் பிடித்த சுத்தமான காற்று. கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். குறை சொல்ல ஒன்றுமில்லை. நான் போட்டிருந்தால் முதல் தடவையே நேராகச் சுற்றியிருக்கும், அது வேறு விஷயம்.

அந்த வாரமே நஞ்சுண்டய்யா கூப்பிட்டு அனுப்பினார். "அன்னிக்கு நீ பொய் சொல்லியிருக்கே ராசப்பா. வேற ஆள் யாரும் கை வைக்க முடியாதுன்னியே? உன் ஆளு வந்தான், மாடிதா, ஹோதா."

வந்தான், செய்தான், போனான் என்கிறார். பொய் சொல்லவில்லை சார், அன்றைக்கு அது உண்மைதான் என்று சொல்ல வாயெடுத்தேன். சம்பத் சாரும் அங்கே உட்கார்ந்திருந்தார். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை வாயை மூடிக்கொண்டேன்.

லேபர் கான்ட்ராக்ட் என்று எழுதினார்கள். கம்பி மில்லுடையது, கருகின செம்பும் மில்லுடையது. அந்த வழக்கத்தை விட்டுக்கொடுத்தது எனக்கு வலித்தது, கூலியை ஏற்றிப் பேசிச் சமாளித்தேன். பிடித்தம் இரண்டா ஐந்தா என்ற இடத்தில் நஞ்சுண்டய்யா பேனாவை நிறுத்தி, "நனகூ சரியாகி கொத்தில்ல, எனக்கே சரியாத் தெரியலை. மூளையா, கையா, நீயே சொல்லு" என்றார். கை சார் என்றேன். வீட்டுக்குப் போய் அந்தம்மாவுக்குப் பதில் சொல்ல வேண்டுமே.

மாதப்பனுக்குக் கடையில் பங்கு எழுதிக் கொடுத்தேன். அவனுடைய பிள்ளைகள் மைசூரிலேயே படித்தார்கள். இது என்னால் ஆனது என்று நான் சொல்வேன், தன்னால் ஆனது என்று பொன்னம்மா சொல்வாள், அவன் மட்டும் இன்றுவரை ஒன்றும் சொல்வதில்லை.

கான்ட்ராக்ட் எழுதின பிறகு மில்லில் அடுத்த மோட்டார் கருகினது. நானும் மாதப்பனும் பழையபடி கேட்டுக்குப் போனோம். சிக்கண்ணா எனக்குச் சல்யூட் வைத்தான். மாதப்பனை உள்ளே விட்டான். என்னைப் பார்த்துத் தலையைச் சொறிந்தான்.

"அண்ணா, ஷெட்டுக்கு கான்ட்ராக்டரோட ஆளுங்களை மட்டும்தான் விடணும்னு ஆர்டர். நீங்க கான்ட்ராக்டர். நீங்க ஆபீஸுக்குப் போகணும்."

"டேய் சிக்கண்ணா, நான்டா."

"தெரியும் அண்ணா. நீங்கங்கிறதாலதான் ஆபீஸு."

மாதப்பன் பையோடு திரும்பிப் பார்த்தான். போ என்று கையைக் காட்டினேன். அவன் ஷெட்டுப் பக்கம் நடந்தான், நான் ஆபீஸ் படி ஏறினேன். நாற்காலி போட்டார்கள். காபி வந்தது, பீங்கான் கப்பில், சாஸரோடு. தலைக்குமேல் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. அதில் ஒரு கரகரப்பு. பேரிங் காய்ந்திருக்கிறது, எனக்கு அதெல்லாம் ஒரு வேலையே இல்லை. சுவிட்சை அணைத்துவிட்டு நாற்காலியின் மேல் ஏறலாம் என்று பாதி எழுந்தும்விட்டேன். அப்புறம், இதை எந்தக் கணக்கில் எழுதுவார்கள் என்று தெரியாமல் மறுபடியும் உட்கார்ந்து காபியைக் குடித்தேன்.